திருக்கை வாங்கும் முன் மணலைத் தேய்த்துப் பாருங்கள்

நன்னீர் திருக்கைக்கு வாய், மூக்கு, செவுள் பிளவுகள் எல்லாமே வயிற்றுப் பக்கம்தான். தரையிலேயே படுத்து, தரையிலேயே இரை தேடி, பயந்தால் அதற்குள்ளேயே புதைந்துகொள்ளும் உயிர் அது. நான் முதலில் வளர்த்த குட்டியைக் கூழாங்கல் பரப்பிய தொட்டியில் விட்டேன். சில நாள் கழித்துக் கண்ணாடியில் ஒட்டி ஏறியபோதுதான் வயிறெல்லாம் சிவந்து கீறியிருந்தது தெரிந்தது. அந்தக் கீறல் வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போகும்.

அதனால் கூழாங்கல், உடைத்த ஜல்லி, கட்டுமானத்துக்காகக் கல்லை உடைத்துச் செய்த மணல் எதுவுமே வேண்டாம். பவளத் தூளும் கடல் மணலும் கூடாது. அவற்றில் உள்ள சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச் அளவை, அதாவது காரத்தன்மையை, ஏற்றிவிடும். நீச்சல்குள ஃபில்டருக்குப் போடும் சிலிக்கா மணல் மாதிரி உருண்டையான, நுண்ணிய மணல்தான் சரி. ஒரு சிட்டிகை எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் வைத்து நன்றாகத் தேயுங்கள், குத்தினாலோ சிவந்தாலோ அந்த மணலைத் தொட்டியில் போடாதீர்கள். கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். சாயம் பூசிய மணலை நான் நம்புவதில்லை.

மணலை வாளியில் போட்டுக் கலக்கிக் கலக்கி, தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். 3 முதல் 5 செ.மீ. உயரம் போதும். அதற்கு மேல் போட்டால் அடியில் காற்றில்லாமல் அழுகி, முட்டை நாற்றமடிக்கும் வாயு சேரும். ஃபில்டர் உறிஞ்சும் குழாயை மணலுக்கு நன்றாக மேலே வைத்து, வாயில் ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் மணல் மோட்டாரைத் தின்றுவிடும். மணலே போடாமல் வெறும் தரையில் வளர்ப்பவர்களும் உண்டு, சுத்தம் செய்வது ரொம்ப சுலபம், தப்பும் இல்லை. ஆனால் மணல் இருந்தால் திருக்கை ஓரச் சதையை அலையாக அடித்து மணலை முதுகில் வாரிப் போட்டுக்கொண்டு, இரண்டு கண் மட்டும் வெளியே தெரிய, கண்ணுக்குப் பின்னால் உள்ள மூச்சுத்துளைகள் திறந்து மூடத் திறந்து மூடப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். எனக்கு அதற்காகவே மணல் வேண்டும்.

அப்புறம் தொட்டி. உயரத்தைவிட அகலம் முக்கியம். மோட்டோரோ என்ற திருக்கை வகையின் வட்டு, அதாவது வால் நீங்கலான தட்டை உடல் மட்டுமே, அரை மீட்டர் அளவுக்கு வளரும், அது சுற்றித் திரும்ப இடம் வேண்டும், 180 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் குறைந்தபட்சம், பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது. ஹீட்டருக்குக் கட்டாயம் கூண்டு போடுங்கள். திருக்கை அதன் மேல் போய்ச் சாய்ந்து வெந்துபோகும், சுடுகிறது என்று விலகவும் தெரியாது. வெப்பம் 25 முதல் 28 டிகிரி.

நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் இது, ஆகவே பெரிய ஃபில்டர் தேவை. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் முழுசாக வளர்ந்து, கழிவிலிருந்து வரும் விஷங்களான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட்டில் காட்டிய பிறகுதான் மீனை வாங்கப் போங்கள். வாராவாரம் மூன்றில் ஒரு பங்காவது தண்ணீர் மாற்றுங்கள், குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியபின். செம்பு கலந்த மருந்து திருக்கைக்கு விஷம். உறிஞ்சு வாய் கெளுத்திகளைக் கூடவே விடாதீர்கள், இரவில் திருக்கையின் முதுகில் ஒட்டி அதன் வழவழப்பான மேல்பூச்சை உறிஞ்சிவிடும்.

மண்புழு, இறால், மீன் துண்டு கொடுக்கலாம். வாங்கும்போதே கண் முன்னால் தின்ன வைத்துப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்தில் குருத்தெலும்பு துருத்தி நின்றாலோ, வட்டின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டிருந்தாலோ வாங்க வேண்டாம்.

இடம் மாற்ற வலை பயன்படுத்தாதீர்கள், வாலில் உள்ள விஷ முள் சிக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரோடு அள்ளுங்கள். முள் குத்திவிட்டால் குத்திய இடத்தைச் சுமார் 45 டிகிரி வெந்நீரில் முக்கி வையுங்கள். அந்தச் சூட்டை அடிபடாத கையால் முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வலி அடங்கினாலும் மருத்துவரிடம் போங்கள், முள்ளின் துண்டு உள்ளேயே ஒடிந்து தங்கியிருக்கலாம்.