பழைய பிளேனர் ஹெட்ஃபோனைத் திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யமஹா நிறுவனம் 1976இல் எச்பி-1 என்ற ஹெட்ஃபோனை வெளியிட்டது. அதன் தோற்றத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான மாரியோ பெல்லினி. உள்ளே ஒலியை எழுப்பும் பாகமான டிரைவருக்கு யமஹா வைத்த பெயர் ‘ஆர்த்தோடைனமிக்’. இங்கிலாந்தின் வார்ஃப்டேல் இதே வகையை ‘ஐசோடைனமிக்’ என்றது. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் தன் டி-வரிசைக்கு ‘ஆர்பி’ என்று பெயரிட்டது, அதாவது ரெகுலர் ஃபேஸ். பெயர்கள்தான் வேறு. இன்று நாம் பிளேனர் மேக்னடிக் என்று சொல்வதும் இதைத்தான்.

இந்தப் பழைய ஜோடிகளை வாங்கித் திருத்துவது எனக்குப் பல வருடப் பழக்கம். என் கைக்கு வந்தவற்றில் வயதாகிக் கெட்ட டிரைவர் மிகக் குறைவு. எனக்கு முன்னால் யாரோ திறந்து பார்த்ததால் கெட்டவைதான் அதிகம். நானே கெடுத்தவையும் ஒன்றிரண்டு உண்டு.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண ஹெட்ஃபோனில் கூம்பு போன்ற ஒரு படலமும், அதன் அடியில் ஒரு காயிலும் (கம்பிச் சுருள்) இருக்கும். பிளேனரில் தனிக் காயில் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேலேயே உலோகப் பாதை ஒட்டியிருக்கும். யமஹாவில் அது சுருள் வடிவம். படலத்தின் இரு பக்கமும் துளையிட்ட ஃபெரைட் காந்தத் தகடுகள். பாதையில் சிக்னல் ஓடும்போது படலம் முழுவதும் ஒன்றாக அசைகிறது. அந்தப் படலத்துக்கு இன்று ஸ்பேர் கிடைக்காது. இயர்பேட், ஒயர், பிளக், ஹெட்பேண்ட் எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு. படலம் போனால் அந்த டிரைவரின் கதை முடிந்தது. கீழே நான் சொல்லும் எல்லாத் தவறுகளையும் இந்த ஒரு கணக்கை வைத்தே எடைபோடுகிறேன்.

மிகப் பெரிய தவறு, டிரைவரையே பிரிப்பது. காதை மூடும் கப்பைத் திறப்பது வேறு, அதற்குள் இருக்கும் டிரைவரைத் திறப்பது வேறு. ஸ்க்ரூ தெரிகிறதே, கழற்றிப் பார்ப்போம் என்று கை போகும். இரண்டு காந்தத் தகடுகளிலும் ஒரே துருவங்கள் நேருக்கு நேர் வைக்கப்பட்டிருக்கும். அதனால் அவை ஒன்றையொன்று எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசி ஸ்க்ரூ தளர்ந்ததும் மேல் தகடு துள்ளிச் சரியும், விளிம்பு படலத்தில் உரசும், கீறல் விழும். கீறல் விழாமல் தப்பினாலும் படலத்தின் இழுவிசை மாறிவிடும். தொழிற்சாலையில் இழுத்து வைத்த அந்த அளவை வீட்டு மேசையில் திரும்பக் கொண்டுவர என்னால் முடிந்ததில்லை. ‘இரைச்சல் வருகிறது, உள்ளே சுத்தம் செய்யலாம்’ என்பதற்காக மட்டும் பிரிக்கவே வேண்டாம். ஒலியே வராமல் செத்துப்போன டிரைவர் என்றால் பிரித்துப் பாருங்கள், அதில் இழக்க ஒன்றுமில்லை.

இரைச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே போன ஏதாவது ஒன்று. தலைமுடி ஒன்று துளை வழியே நுழைந்து படலத்தைத் தொட்டால் போதும், தாழ்ந்த ஒலிகளில் ‘ஸ்ஸ்ர்’ என்று அதிரும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை போகும் ஒரு ஸ்வீப் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்து, முடியைக் காந்தம் ஒட்டாத இடுக்கியால் எடுத்துவிடலாம்.

காந்தம் ஒட்டாத இடுக்கி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பு ஸ்க்ரூடிரைவர் நுனியை இந்த டிரைவர் பக்கத்தில் கொண்டுபோனால் காந்தம் அதைக் கையிலிருந்து இழுத்துவிடும். சால்டரிங் அயர்னின் முனையிலும் இரும்புப் பூச்சு இருப்பதால் அதுவும் இழுபடும், அதுவும் சூடாக. அதைவிட மோசமானது இரும்புத்தூள். மேசையில் முந்தின நாள் ஏதாவது அரம் போட்டிருந்தால் அந்தத் தூள் ஒன்றிரண்டாவது துளைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு. ஒட்டும் டேப்பைத் தகட்டின் மேல் மெதுவாக ஒற்றி எடுத்தால் வெளியில் இருப்பது வரும், துளைக்குள் இருப்பது வராது. டிரைவரைக் கையில் எடுக்கும் முன் மேசையை ஈரத்துணியால் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளை விரித்துக்கொள்ளுங்கள். வேலை நடக்காத நேரத்தில் டிரைவரை மூடி வைத்துவிடுங்கள்.

தூசியை ஊதி எடுப்பதும் கூடாது. கம்ப்யூட்டர் சுத்தம் செய்யும் காற்று டப்பா, வேக்யூம் கிளீனர் இரண்டும் இந்தப் படலத்துக்கு எமன். விரிந்த படலம் மொத்தமும் அந்த அழுத்தத்தை வாங்கிச் சுருங்கிவிடும், அல்லது கிழியும். மென்மையான பிரஷ் போதும்.

பழைய ஜோடிகளில் தூசியைவிடத் தொல்லை தருவது ஸ்பாஞ்ச்தான். டிரைவருக்கு முன்னாலோ இயர்பேடுக்குள்ளோ இருக்கும் பாலியூரிதேன் ஸ்பாஞ்ச், காற்றின் ஈரத்தால் வருடக்கணக்கில் சிதைந்து, தொட்டால் பிசினாகவும் பொடியாகவும் உதிரும். நம் கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதைச் சுரண்டும்போது கப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள், உதிர்வது கீழே விழட்டும். பிசினை எடுக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். நேராக ஊற்றினால் கரைந்த பிசின் துளைகளுக்குள் ஓடிவிடும். ஒட்டும் வேலைக்கு ஃபெவிகுவிக் வகைப் பசை வேண்டாம். அதன் ஆவி பக்கத்துப் பரப்புகளில் வெள்ளையாகப் படியும். படலத்தின் மேல் அப்படிப் படிந்ததைத் துடைக்க வழியே இல்லை.

அடுத்தது ஒயர். ஒரு பக்கம் ஒலி இல்லை என்றால் டிரைவர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பிளக்கிலேயே அளந்து பாருங்கள். இந்த வகையில் மின்தடை அநேகமாக இம்பீடன்ஸுக்கு, அதாவது ஒலி சிக்னலுக்கு டிரைவர் காட்டும் எதிர்ப்புக்கு, சமமாகவே இருக்கும். எச்பி-1 என்றால் 150 ஓம் அளவில், ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி என்றால் 50 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லையானால் பிளக், ஒயர், கப் நுழைவாயில் என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். எனக்கு முக்கால்வாசி நேரம் பிளக் பக்கத்திலேயே விடை கிடைத்திருக்கிறது. டிரைவரின் முனையில் பேட்டரி வைத்துச் சோதிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மெல்லிய பாதைக்கு அது ஆபத்து, மீட்டர் போதும்.

டிரைவரின் உலோக முனையில் சால்டர் வைக்கும்போது இரண்டு விநாடிக்கு மேல் சூடு வேண்டாம். அதைத் தாங்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். பல பழைய படலங்களில் பாதை அலுமினியம். அதன் மேல் எப்போதும் ஆக்சைடு படிந்திருப்பதால் சாதாரண சால்டர் பிடிக்கவே பிடிக்காது. ‘பிடிக்கவில்லையே’ என்று சூட்டை ஏற்றினால் படலம் சுருங்கும். முனைக்கு வெளியே வந்து, ஏற்கெனவே இருக்கும் சால்டரில் இணைப்பதுதான் வழி.

பிறகு பொலாரிட்டி, அதாவது பிளஸ், மைனஸ் ஒயர்கள் இடம் மாறாமல் இருப்பது. இதில் நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு ஃபாஸ்டெக்ஸ் ஜோடிக்கு ஒயர் மாற்றினேன். கேட்டால் பாஸ் சுத்தமாக இல்லை. டேம்பிங் (படலத்தின் அதிகப்படி அதிர்வை அடக்குவது) சரியில்லை என்று நினைத்து இரண்டு வார இறுதிகள் ஃபெல்ட் வெட்டி வெட்டி மாற்றினேன். கடைசியில் பார்த்தால் வலது டிரைவரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி வைத்திருந்தேன். ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுத்தால், தாழ்ந்த ஒலிகளுக்கு உடம்பே இருக்காது. கழற்றும் முன் போட்டோ எடுத்து, ஒயரில் நிறமிட்டு வையுங்கள். சேர்த்த பிறகு மோனோவில் ஒருவர் பேசும் ஒலிப்பதிவைப் போடுங்கள். குரல் தலையின் நடுவில் நின்றால் சரி. எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாமல் கலைந்து கேட்டால் ஒரு பக்கத்தை மாற்றுங்கள்.

இனி ஒலியை மாற்றும் வேலை. இதில் எல்லோரும் முதலில் டேம்பிங்குக்குப் போகிறார்கள், முதலில் பார்க்க வேண்டியது பேடை. டிரைவருக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் காற்று வெளியே கசிந்தால் பாஸ் போய்விடும். பழைய பேட் காய்ந்து வெடித்திருந்தால் உள்ளே என்ன செய்தும் பயனில்லை. இரண்டு கப்பையும் உள்ளங்கையால் இலேசாக அழுத்திப் பாருங்கள். பாஸ் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். புதுப் பேட் போடும்போது தடிமனையும் கவனிக்க வேண்டும். எச்பி-1 போன்றவற்றின் பேட் மெல்லியது, டிரைவர் காதுக்கு வெகு அருகில் இருக்கும். மெத்தென்ற பெரிய பேட் போட்டால் சுகமாக இருக்கும், ஆனால் தூரம் கூடி ட்ரெபிள் வேறு விதமாக ஆகிவிடும். வெல்வெட் துணிப் பேட் காற்றைக் கசியவிடும். ஒரு பேடை மாற்றிவிட்டு ‘இந்த மாடலே இப்படித்தான்’ என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த ஹெட்ஃபோன் மேல் பரிதாபமாக இருக்கும்.

ஆம்பிளிஃபையரையும் பார்த்துவிடுங்கள். போனில் நேராகச் செருகினால் இவற்றில் பெரும்பாலானவை மெலிந்துதான் கேட்கும். பழைய ஸ்டீரியோ ஆம்பிளிஃபையரின் ஹெட்ஃபோன் துளை இவற்றுக்கு நல்ல ஜோடி. அதன் உள்ளே தொடரில் ரெசிஸ்டர் இருக்கும், அது சாதாரண டைனமிக் ஹெட்ஃபோனின் ஒலியைக் கெடுக்கலாம். பிளேனரின் இம்பீடன்ஸ் எல்லா அலைவரிசையிலும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் வால்யூம் குறையுமே தவிர ஒலியின் தன்மை மாறாது.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டேம்பிங். டிரைவரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் அல்லது தாள் போன்ற ஒன்று, காற்று போய்வருவதைக் கொஞ்சம் தடுக்கிறது. படலத்தின் இயல்பான ரெசொனன்ஸை, அதாவது ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் அது மிகையாக அதிர்வதை, அடக்குவது அதுதான். அதை எடுத்துவிட்டால் பாஸ் பெருத்துத் தளர்ந்து கேட்கும். மேலே மேலே ஒட்டினால் பாஸ் வற்றி, குரல்கள் தட்டையாகும். கப்புக்குள் திணிக்கும் பஞ்சின் வேலை வேறு. அது உள்ளே எதிரொலிக்கும் ஒலியை உறிஞ்சும், ரெசொனன்ஸைப் பெரிதாகத் தொடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பாஸ் வேண்டும் என்று கப் நிறையப் பஞ்சு அடைப்பவர்கள் நிறைய. டி50ஆர்பி கப்பின் வெளிப்பக்கத் துளைகளை முழுக்க அடைப்பதும் அப்படித்தான், பாதி அடைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப் இந்த வேலைக்கு அருமையான பொருள். காற்றைக் கொஞ்சம் விடும், கொஞ்சம் தடுக்கும், உரித்தும் எடுக்கலாம். ஒரு அடுக்கு ஒட்டிக் கேட்டு, வேண்டுமானால் இன்னொன்று. ஒரே நேரத்தில் டேப்பும் பேடும் பஞ்சும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரே பாட்டில், ஒரே வால்யூமில் கேளுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிடும்.

தொழிற்சாலை வைத்த ஃபெல்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதைக் கத்தியால் சுரண்டாமல் விளிம்பிலிருந்து மெதுவாகத் தூக்கி, இடது, வலது என்று எழுதிய கவர்களில் போட்டு வையுங்கள். என் மேசை டிராயரில் அப்படி ஒன்பது கவர்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கை அசல் இடத்திலேயே திரும்ப ஒட்டியிருக்கிறேன்.