கடலோரச் சாலையில் மிதிவண்டியில் வேலைக்குச் செல்ல
மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு மிதிவண்டியில் வேலைக்குச் செல்பவர், 1988இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல், கீழே ஆடும் வள்ளங்களையும் பக்கத்து ரயில் பாலத்தையும் பேருந்துப் பயணிக்கு வாய்க்காத நிதானத்துடன் பார்த்தபடி போகலாம். ஆனால் காற்றைக் கணித்தே கிளம்ப வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று பாலத்தில் பக்கவாட்டாகத் தள்ளும்போது, கௌரவம் பாராமல் இறங்கி உருட்டிச் செல்லுங்கள்.

உப்புக்காற்றில் செயின் விரைவில் துருப்பிடிக்குமாதலால், வாரம் ஒருமுறை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிகுதியை வழித்துவிடுங்கள். இல்லையேல் மணல் ஒட்டும்.

சாலையோர மண்ணில் இறங்க நேர்ந்தால் டயரைத் தடவிப் பாருங்கள். ஒடிந்து உள்ளே தங்கிய சீமைக்கருவேல முள் பெரும்பாலும் உடனே காற்றை இறக்காது. வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் இறக்கியிருக்கும்.