6502-க்குச் சொந்தமாக ஓர் ஆப்ஜெக்ட் ஃபைல் வடிவம்: ஹெடர் முதல் ஹெக்ஸ் ஃபைல் வரை

எஃப்.பி.ஜி.ஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சில்லு) பலகையில் 6502 என்ற 8 பிட் பிராசஸரின் கோரை (அதன் சுற்று வடிவமைப்பை) ஓடவிட்டு, அதற்கான நிரல்களைக் கணினியில் எழுதி அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் அசெம்பிளரையே நேரடியாக பைனரி எழுத வைத்துவிடுகிறார்கள். நிரல் ஒரே ஃபைலில் அடங்கும்வரை அதில் குறையில்லை. சீரியல் போர்ட்டுக்கான பகுதியைத் தனியாகவும் எண் கணக்குகளைத் தனியாகவும் அசெம்பிள் செய்து, பிறகு ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்ற தேவை வந்ததும், முகவரி இன்னும் முடிவாகாத நிரலை எப்படிச் சேமித்து வைப்பது என்ற கேள்வி எழுகிறது. அதற்கான விடைதான் ஆப்ஜெக்ட் ஃபைல் வடிவம். நான் எழுதிய அசெம்பிளருக்கும் லிங்கருக்கும் (தனித்தனி ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்து முகவரி கொடுக்கும் நிரல்) இடையில் நான் வகுத்துக்கொண்ட வடிவத்தை, அதன் காரணங்களோடு இங்கே தருகிறேன். இரண்டு சுற்று அசெம்பிளர் எப்படி இயங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹெக்ஸ் எண்களுக்கு முன் 6502 வழக்கப்படி $ குறி இடுகிறேன். பைட்டுகளை வரிசையாகக் காட்டும் இடங்களில் மட்டும் அந்தக் குறி இருக்காது.

தொடங்குவதற்கு முன்

உங்கள் பிராசஸர் ஏ.ஆர்.எம், ஏ.வி.ஆர், ரிஸ்க்-ஃபைவ் போன்றவற்றில் ஒன்று என்றால் சொந்த வடிவம் வேண்டாம். 1980-களின் இறுதியில் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் நான்காம் வெளியீட்டோடு வந்த எல்ஃப் வடிவத்தையே பயன்படுத்துங்கள். 6502-க்கும் சிசி65 தொகுப்பில் நல்ல அசெம்பிளரும் லிங்கரும் ஏற்கெனவே இருக்கின்றன. கோரில் நீங்களே புதிய கட்டளைகளைச் சேர்த்திருந்தாலோ, அசெம்பிளரையே சொந்தமாக எழுதுவதாக இருந்தாலோ மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

எல்லா மைக்ரோபிராசஸர்களுக்கும் பொதுவாக ஒரே வடிவம் என்ற முயற்சியும் நடந்திருக்கிறது. ஐ.ட்ரிபிள்.ஈ 695 என்ற அந்தத் தரத்தின் 1990-ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒரு முகவரியைக் கணக்கிடும் முழுச் சமன்பாட்டையே ஃபைலுக்குள் எழுதிவிடலாம். வலிமையான யோசனைதான், ஆனால் லிங்கருக்குள் ஒரு சமன்பாட்டுக் கணிப்பானையும் எழுத வேண்டியிருக்கும். முதல்முறை செய்கிறவர்களுக்கு, ஒரே அளவிலான பதிவுகளை வரிசையாக அடுக்கும் வடிவமே ஏற்றது.

படி 1: ஹெடர்

ஹெடருக்கு 16 பைட்டுகள் போதும். அடையாளத்துக்கு 4, வடிவத்தின் பதிப்புக்கு 1, பிராசஸர் எண்ணுக்கு 1, செக்‌ஷன் (ஒன்றாக இடம்பெறும் பைட்டுத் தொகுதி), சிம்பல் (பெயரிட்ட இடம்), ரீலொகேஷன் (முகவரியைப் பிறகு நிரப்ப வேண்டிய இடம்) ஆகியவற்றின் எண்ணிக்கைக்குத் தலா 2, பெயர்ப் பகுதியின் நீளத்துக்கு 4. அடையாளத்தின் முதல் பைட் எழுத்தாக அச்சாகாத ஒன்றாக இருக்கட்டும்; எல்ஃப் ஃபைல்கள் 127 என்ற மதிப்பில் தொடங்குவதும் இதனால்தான். பதிப்பு எண்ணை இப்போதே வைத்துவிடுங்கள், ஏனென்றால் இரண்டாம் பதிப்பு வந்தே தீரும்.

ஃபைலின் பைட் வரிசையைக் கணினியைப் பொறுத்து விடாமல், சிறிய பைட் முதலில் என்று எழுத்தில் நிர்ணயித்துவிடுங்கள். சி மொழியில் ஒரு ஸ்ட்ரக்டை அப்படியே ஃபைலில் கொட்டுவதை நான் அறவே தவிர்க்கிறேன். ஒரு பைட்டுக்கு அடுத்து நான்கு பைட் எண் வந்தால், கம்பைலர் நடுவில் மூன்று பைட் இடைவெளியை நுழைத்துவிடும். பைத்தானின் ஸ்ட்ரக்ட் மாட்யூலிலும் இதே நிலைதான்: வடிவக் குறிப்பின் தொடக்கத்தில் < குறி இட்டால் அந்த இரண்டும் சேர்ந்து 5 பைட், இடாவிட்டால் வழக்கமான கணினிகளில் 8 பைட். லிங்கரைப் பைத்தானில் எழுதுவதே என் பரிந்துரை. 64 கிலோபைட் முகவரி வெளிக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல.

படி 2: செக்‌ஷன்கள்

ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் 16 பைட் பதிவு: பெயர்ப் பகுதியில் அதன் பெயர் இருக்கும் இடம், வகை, எத்தனை பைட்டின் மடங்கில் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு, அளவு, உள்ளடக்கம் ஃபைலில் தொடங்கும் இடம். இவற்றில் மீதமாகும் இரண்டு பைட்டுகளில் சுழியம் இட்டு, பிற்காலத் தேவைக்கு ஒதுக்கிவிடுங்கள். நிரல், தரவு, தொடக்க மதிப்பில்லாத தரவு, சுழியப் பக்கம் (0 முதல் 255 வரையான முகவரிகள்) என நான்கு வகைகள் போதும். கடைசி இரண்டுக்கும் அளவு மட்டும் உண்டு. ஃபைலில் ஒரு பைட்டும் இருக்காது. செக்‌ஷன் எண்களை 1-இலிருந்து தொடங்குங்கள். 0 என்பதை 'இந்த ஃபைலில் இல்லை' என்ற பொருளுக்கு ஒதுக்கினால் அடுத்த படி எளிதாகிவிடும்.

படி 3: சிம்பல்கள்

சிம்பல் பதிவு 12 பைட்: பெயரின் இடம், செக்‌ஷன் எண், வகை, மதிப்பு. இதிலும் ஒரு பைட் மீதமாகும், அதற்கும் சுழியமே. செக்‌ஷன் எண் 0 என்றால் அந்தச் சிம்பலை லிங்கர் வேறொரு ஃபைலில் தேட வேண்டும். மதிப்பு எப்போதுமே செக்‌ஷனின் தொடக்கத்திலிருந்து உள்ள தூரம். இறுதி முகவரி அன்று. பெயர்களை நிலையான அகலத்தில் வைக்காமல், ஃபைலின் கடைசியில் சுழிய பைட்டால் முடியும் சரங்களாக ஒரே பகுதியில் சேர்த்துவிடுங்கள். பழைய வடிவங்கள் சிலவற்றில் எட்டு எழுத்துகளுக்கு மேல் பெயர் வைக்கவே தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. அந்தக் கட்டுப்பாட்டை இன்று நாம் சுமக்கத் தேவையில்லை.

படி 4: ரீலொகேஷன்

வடிவத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதும் இந்தப் படிதான். ரீலொகேஷன் பதிவு என்பது அசெம்பிளர் லிங்கருக்கு எழுதும் வேலைக்குறிப்பு: 'இந்தச் செக்‌ஷனில் இந்த இடத்தில், இந்தச் சிம்பலின் முகவரியை இந்த முறையில் எழுது.' சிம்பலின் முகவரியோடு கூட்ட வேண்டிய எண்ணை, அதாவது கூட்டெண்ணை, எங்கே வைப்பது என்பதில்தான் வடிவங்கள் இரண்டாகப் பிரிகின்றன. கட்டளையின் பைட்டுகளுக்குள்ளேயே அதை எழுதிவைப்பது ஒரு முறை. 32 பிட் ஏ.ஆர்.எம்-இன் எல்ஃப் அப்படித்தான் செய்கிறது. ரீலொகேஷன் பதிவிலேயே தனியாக எழுதுவது மற்றொரு முறை; 64 பிட் ஏ.ஆர்.எம்-உம் ரிஸ்க்-ஃபைவும் இதைப் பின்பற்றுகின்றன. முதல் முறையில் ஃபைல் சிறிதாகும் என்பதால் அது கவர்ச்சியாகத் தோன்றும். 6502-இல் அதைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஒரு பட்டியலின் முகவரியோடு 16 பிட் தூரத்தைக் கூட்டி, சுழியப் பக்கத்தில் சேமிக்கும் நிரல் இது:

18 69 ?? 85 23 98 69 ?? 85 24 60

முதல் ?? பட்டியல் முகவரியின் கீழ் பைட். இரண்டாவது மேல் பைட். பட்டியல் இதே செக்‌ஷனின் தொடக்கத்திலிருந்து $90 தூரத்தில் இருக்கிறது. கூட்டெண்ணைக் கட்டளைக்குள்ளேயே வைத்தால் முதல் இடத்தில் 90, இரண்டாவது இடத்தில் 00 என்று அசெம்பிளர் எழுதும். லிங்கர் இந்தச் செக்‌ஷனை $1280-இல் வைக்கிறது. கீழ் பைட்டில் 90-உம் 80-உம் சேர்ந்து 110 ஆகி, 10 மட்டும் நிற்கும், அது சரி. மேல் பைட்டுக்கு வரும்போது லிங்கர் பார்ப்பது 00 மட்டுமே. அதோடு 12-ஐக் கூட்டி 12 என்று எழுதிவிடும். உண்மையான முகவரி $1310. எனவே அங்கே வரவேண்டியது 13. கீழ் பைட்டில் ஏறிய மீதியை அறிய மேல் பைட்டின் பதிவில் எந்த வழியும் இல்லை.

இதில் கொடுமையான செய்தி, செக்‌ஷனை $1000, $2000 போன்ற முகவரிகளில் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. கீழ் பைட் சுழியமாக இருக்கையில் மீதி ஏறாது. ஆகவே $1280 போன்ற கோணலான முகவரியிலேயே எப்போதும் சோதியுங்கள்.

6502-க்கென்றே உருவான ஓ65 என்ற வடிவம் இந்தச் சிக்கலை அறிந்து, மேல் பைட் ரீலொகேஷனுக்கு மட்டும் கீழ் பைட்டையும் கூடவே சேமிக்கிறது. கூட்டெண்ணைக் கட்டளைக்குள் வைக்கும் 32 பிட் மிப்ஸ் எல்ஃபில் நிலைமை இன்னும் சிக்கல்: மேல் 16 பிட்டுக்கான பதிவைப் பார்த்ததும் லிங்கர் அதை நிறுத்திவைத்து, கீழ் 16 பிட்டுக்கான பதிவு வரும்வரை காத்திருந்து, இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நம் வடிவத்தில் கூட்டெண் பதிவிலேயே இருக்கட்டும். செக்‌ஷன் எண் 2, சிம்பல் எண் 2, இடம் 4, வகை 1, ஒதுக்கியது 3, குறியுள்ள கூட்டெண் 4, ஆக 16 பைட். மேலே கண்ட நிரலுக்கு இரண்டு பதிவுகள் வரும்:

இடம் 2, வகை: கீழ் பைட், செக்‌ஷன் தொடக்கம், கூட்டெண் $90
இடம் 7, வகை: மேல் பைட், செக்‌ஷன் தொடக்கம், கூட்டெண் $90

லிங்கர் இரண்டுக்கும் முதலில் $1280 + $90 = $1310 என்ற முழு முகவரியைக் கணக்கிட்டு, அதன் பிறகே தனக்கு வேண்டிய பைட்டை எடுக்கிறது. முழுமையாகக் கூட்டிவிட்டு வெட்டு என்ற ஒரே விதியால் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடுகிறது.

இந்த வடிவத்தை ரிஸ்க்-ஃபைவ் போன்ற கோருக்கு நீட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கீழ் 12 பிட் குறியுள்ள எண்ணாகக் கூட்டப்படுவதால், மேல் 20 பிட்டை வெட்டுவதற்கு முன் $800-ஐக் கூட்ட வேண்டும். 6502-இல் அந்தத் திருத்தம் வேண்டாம்.

16 பிட் சொல், கீழ் பைட், மேல் பைட், சுழியப் பக்க பைட், கிளைத்தல் தூரம் ஆகிய ஐந்து வகைகள் 6502-க்குப் போதும். கிளைத்தலில் தூரம் அடுத்த கட்டளையிலிருந்து எண்ணப்படுவதால், சேருமிடத்திலிருந்து அந்த பைட்டின் முகவரியையும் ஒன்றையும் கழிக்க வேண்டும். விடை -128 முதல் 127 வரை இல்லையென்றால் லிங்கர் பிழை காட்டி நிற்க வேண்டும். சுழியப் பக்க வகையிலும் 255-ஐத் தாண்டினால் நிற்க வேண்டும். ஓசையின்றி வெட்டி எழுதும் லிங்கரை நம்பி எந்த நிரலையும் பலகைக்கு அனுப்பாதீர்கள்.

படி 5: லிங்கருக்கு முன் ஒரு வாசிப்பான்

லிங்கரைத் தொடுவதற்கு முன், ஆப்ஜெக்ட் ஃபைலைப் படித்து எல்லாப் பதிவுகளையும் வரிவரியாக அச்சிடும் சிறு நிரலை எழுதிவிடுங்கள். பைட்டுகளை வெறுமனே காட்டும் பொதுக் கருவிகளைவிட, உங்கள் வடிவத்தைத் தெரிந்த வாசிப்பான் பல மடங்கு உதவும். எஸ்டிசிசி கம்பைலரின் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் கண்ணாலேயே படிக்கலாம். அது நல்ல வசதிதான், ஆனாலும் வாசிப்பான் கையில் இருந்தால் பைனரி வடிவமே எழுதவும் படிக்கவும் எளிது என்பது என் கருத்து.

லிங்கரின் வேலை மூன்றே சுற்றுதான்: செக்‌ஷன்களுக்கு முகவரி கொடு, சிம்பல்களுக்கு இறுதி மதிப்பைக் கணக்கிடு, ரீலொகேஷன்களைச் செயல்படுத்து. ரீசெட் வெக்டர் (பிராசஸர் எந்த முகவரியில் ஓடத் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு) 65532-ஆம் முகவரியில் இருக்க வேண்டும் என்பதால், வெக்டர்களைத் தனிச் செக்‌ஷனாக்கி 65530-இல் நிலையாக வைத்துவிடுங்கள்.

படி 6: இன்டெல் ஹெக்ஸ்

ரோம் சில்லில் எழுதும் கருவிகளும் பூட்லோடர்களும் ஆப்ஜெக்ட் ஃபைலை அறியா. அவற்றுக்கு, பைட்டுகளை ஹெக்ஸ் எழுத்துகளாக வரிவரியாகத் தரும் இன்டெல் ஹெக்ஸ் வடிவத்தைக் கொடுப்பதே பாதுகாப்பானது. வரிக்கு எட்டு பைட் என்று எழுதினால், நம் நிரலின் முதல் வரி இப்படி வரும்:

:0812800018691085239869​1319

முதல் 08 பைட் எண்ணிக்கை, 1280 முகவரி, 00 தரவு என்ற வகை, பிறகு எட்டு பைட், கடைசியில் 19 சரிபார்ப்பு எண். அதற்கு முன் உள்ள எல்லா பைட்டுகளையும் கூட்டி, கடைசி எட்டு பிட்டை $100-இலிருந்து கழித்தால் 19 கிடைக்கும். இந்த வரியின் முகவரியில் பெரிய பைட் முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நம் ஆப்ஜெக்ட் ஃபைலுக்கு இது நேரெதிர்.

சோதனைக்கு, அதே நிரலை லிங்கர் இல்லாமல் $1280 என்ற நிலையான முகவரியில் நேரடியாக அசெம்பிள் செய்து, இரண்டு விடைகளையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். பிறகு $1280-லும் $2395-லும் தனித்தனியாக லிங்க் செய்து பாருங்கள். ரீலொகேஷன் பதிவு உள்ள இடங்களைத் தவிர வேறெங்கும் பைட்டுகள் மாறக்கூடாது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் எழுப்பிய இரண்டு கேள்விகளுக்கு விடை இங்கே. வேறொரு ஃபைலில் உள்ள சுழியப் பக்க மாறியைப் பயன்படுத்தும்போது கட்டளை ஏன் மூன்று பைட்டாகிறது என்பது முதல் கேள்வி. கட்டளையின் நீளத்தை அசெம்பிளர் உடனே முடிவுசெய்தாக வேண்டும். அந்த மாறி எங்கே அமையும் என்பது அதற்குத் தெரியாது. எனவே வெளிச் சிம்பலை அறிவிக்கும்போதே அது சுழியப் பக்கம் என்று சொல்லும் தனி அறிவிப்பு வேண்டும். சிசி65-இன் அசெம்பிளரிலும் இதற்கெனத் தனி அறிவிப்பு உண்டு. சிம்பல் பதிவின் வகை பைட்டில் இதற்கு ஒரு பிட்டை ஒதுக்குங்கள்.

மற்றொன்று, நிரல் நினைவகத்தை 16 பிட் சொற்களாக எண்ணும் ஏ.வி.ஆர் போன்ற பிராசஸர்களைப் பற்றியது. அங்கேயும் சிம்பல் மதிப்புகளையும் ரீலொகேஷன் இடங்களையும் பைட் கணக்கிலேயே வையுங்கள். தாவும் கட்டளைகளுக்குத் தனி ரீலொகேஷன் வகை அமைத்து, முழு முகவரியைக் கணக்கிட்ட பிறகு இரண்டால் வகுத்து எழுதச் செய்யுங்கள்; மீதி 1 வந்தால் பிழை காட்டுங்கள்.