ஒளிப்பதிவுப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள்: சேர்க்கத் தொடங்குவது எப்படி?

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதி எடைக்குப் போனது. ஒரே பத்திரிகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் சிபாரிசு ‘அமெரிக்கன் சினிமட்டோகிராஃபர்’. அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கத்தின் பத்திரிகை. 1920 நவம்பரில் வெறும் நான்கு பக்கத்தோடு தொடங்கியது.

1. வாங்கும் முன் படியுங்கள். ஆரம்ப கால இதழ்கள் பல இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து இதழ் புரட்டினால் உங்களுக்குப் பிடித்தது லைட்டிங்கா, லென்ஸா, ட்ரிக் ஷாட்டா என்று தெரிந்துவிடும்.

2. சின்னப் பட்டியல் போடுங்கள். பிப்ரவரி 1941 (‘சிட்டிசன் கேன்’ பற்றி அதன் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டே எழுதியது), ஜூன் 1968 (‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’), மார்ச் 1976 (‘பேரி லிண்டன்’), ஜூலை 1977 (‘ஸ்டார் வார்ஸ்’). கடைசி இதழுக்குப் படத்தின் ரசிகர்களும் போட்டிக்கு வருவார்கள், அதை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

3. விற்பவரிடம் கூசாமல் கேளுங்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ‘பேரி லிண்டன்’ எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் (Zeiss) கம்பெனி செய்த, மங்கலான வெளிச்சத்திலும் படம் பிடிக்கக்கூடிய எஃப்/0.7 லென்ஸை மிட்செல் கேமராவில் பொருத்தினார்கள். அந்தக் கதைக்காகவே மார்ச் 1976 இதழை வாங்கினேன். பிரித்தால், சரியாக அந்தப் பக்கங்களை மட்டும் யாரோ பிளேடு போட்டு எடுத்திருந்தார்கள்! இப்போதெல்லாம் பொருளடக்கம், பின் அடித்த நடுப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றுக்கும் போட்டோ கேட்கிறேன். பக்க எண் விடாமல் வருகிறதா என்றும் எண்ணச் சொல்வேன். விளம்பரக் கூப்பனைக் கத்தரித்திருந்தால் பின்பக்கக் கட்டுரையிலும் ஓட்டைதான். விளம்பரம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்துக் கேமராவும் ஃபிலிமும் என்னென்ன என்று அங்கேதான் தெரியும்.

4. வந்ததும் நேரே அலமாரியில் வைக்காதீர்கள். பூச்சி அரித்த தடம் இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் தாளில் நீர் கோக்கும். ஈரத்தில் ஒட்டிப்போன வழவழப்புத் தாளைப் பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். அப்படிப்பட்ட இதழை வாங்காமலிருப்பதே நல்லது.

5. பாலிப்ரொப்பிலீன் உறை, இதழுக்குப் பின்னால் தாங்கலாக அமிலமில்லாத அட்டை, படுக்க வைத்து அடுக்குதல். இவ்வளவு போதும். பி.வி.சி. உறையும் பரணும் வேண்டாம்.

6. வாங்கியதை உடனே நோட்டில் எழுதுங்கள். ஜூன் 1968 இதழ் என்னிடம் இரண்டு இருக்கிறது.