ரெசிடென்சி இன்டர்வியூ ஜூம்லயா நேர்லயா, எங்க சறுக்குறாங்க

அமெரிக்காவுல ரெசிடென்சிக்கு, அதாவது எம்பிபிஎஸ் முடிச்சப்புறம் ஆஸ்பத்திரில செய்யற மேல்பயிற்சிக்கு, அப்ளை பண்ற நம்ம ஊர் டாக்டர்ஸ் நிறைய பேர் ஜூம் இன்டர்வியூன்னா வேலை பாதியா குறைஞ்சுடுச்சுன்னு நினைக்கிறாங்க. குறைஞ்சது செலவு மட்டும்தான். 2020க்கு முன்னாடி விசா எடுத்து, ஃப்ளைட் பிடிச்சு, குளிருல ஊர் ஊரா அலையணும், அதுக்கு லட்சக்கணக்குல கடன் வாங்கினவங்க உண்டு. கொரோனா வந்ததால 2020-21 சீசன் மொத்தமா ஆன்லைனுக்கு மாறுச்சு, அதுக்கப்புறமும் அங்க இருக்கற மருத்துவக் கல்லூரிகளோட சங்கமான ஏஏஎம்சி ஆன்லைனையே சிபாரிசு பண்ணிட்டு வந்துச்சு, ஆனா முடிவு அந்தந்த ப்ரோக்ராம் (பயிற்சி குடுக்கற ஆஸ்பத்திரித் துறை) கையில, அதனால சில இடத்துல மறுபடி நேர்ல கூப்பிடறாங்க.

முதல் தப்பு ரொம்ப சாதாரணமானது, ஆனா அதுல போன வாய்ப்பு திரும்பி வராது. டைம். இன்டர்வியூ சீசன் பெரும்பாலும் அக்டோபர்ல ஆரம்பிச்சு ஜனவரி வரைக்கும் ஓடும், நடுவுல நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. அக்டோபர்ல நியூயார்க் காலை 8 மணின்னா நமக்கு சாயங்காலம் 5.30, அதே 8 மணி நவம்பர் நடுவுல 6.30. கலிஃபோர்னியான்னா ராத்திரி 9.30க்கு ஆரம்பிச்சு விடியக்காலை வரைக்கும் இழுக்கும். அரிசோனால பெரும்பாலான இடத்துல கடிகாரத்தை மாத்தறதே கிடையாது. பகல் முழுக்க ட்யூட்டி பாத்துட்டு ராத்திரி 12 மணிக்கு மூணாவதா கேள்வி கேக்கறவர் முன்னாடி உக்காந்தா முகம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிங்க, அன்னைக்கு லீவு போடுங்க, மத்தியானம் தூங்குங்க.

ரெண்டாவது, பதிலை ஸ்க்ரீன்ல ஒட்டி வெச்சு படிக்கறது. கண்ணு இடமிருந்து வலம் ஓடறது எதிர்ல இருக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும், நேர்ல போனா இதை செய்ய வழியே இல்ல, அதனால ஜூம்ல மட்டும் வர்ற பழக்கம் இது. மனப்பாடமும் வேண்டாம், நீங்க பாத்த ஒரு பத்து கேஸை, உங்க படிப்புலயும் வேலைலயும் இருக்கற ஒவ்வொரு இடைவெளிக்கும் உண்மையான காரணத்தை, வாய்விட்டு சொல்லிப் பழகுங்க, போதும்.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட பெரிய தப்பு, நம்மளை மட்டும்தான் அவங்க செலக்ட் பண்றாங்கன்னு நினைச்சுக்கறது. மூணு வருஷம், சர்ஜரின்னா அஞ்சு வருஷம் இருக்கப்போற இடம் அது. நேர்ல போனா வார்டுல நடக்கும்போதே ரெசிடென்ட்ஸ் (அங்க ஏற்கனவே பயிற்சில இருக்கற டாக்டர்ஸ்) முகத்துல தெரிஞ்சுடும், நர்ஸ் கிட்ட எப்படி பேசறாங்க, சாப்பிட நேரம் இருக்கான்னு. ஜூம்ல அது எதுவும் வராது, அழகான வீடியோ ஒண்ணு போடுவாங்க. அதை ஈடுகட்டத்தான் இன்டர்வியூக்கு முந்தின நாள் ரெசிடென்ட்ஸ் மட்டும் வர்ற மீட்டிங் நிறைய இடத்துல வைக்கறாங்க, நம்மாளுங்க அதுக்கு நேரம் சரியில்லன்னு போறதில்ல, போனாலும் கேமராவை ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்காங்க. தயவுசெஞ்சு போங்க, கேளுங்க: நைட் ட்யூட்டில சீனியர் எத்தனை பேர் இருப்பாங்க, போன வருஷம் யாராவது விட்டுட்டுப் போனாங்களா, ஜே-1 விசா மட்டுமா எச்-1பி வேலை விசாவும் தருவாங்களா. எச்-1பின்னா அமெரிக்க டாக்டர் லைசென்ஸ் பரீட்சையோட (யுஎஸ்எம்எல்இ) ஸ்டெப் 3 முன்னாடியே பாஸ் பண்ணியிருக்கணும், அதை கடைசில தெரிஞ்சுகிட்டு தவிச்சவங்க நிறைய.

நேர்ல வர சொல்லி இன்வைட் வந்தப்புறம் விசாவுக்கு ஓடலாம்னு இருக்காதீங்க, முன்னாடியே ஆரம்பிங்க, சென்னைல பி1/பி2 (விசிட்டர் விசா) ஸ்லாட் மாசக்கணக்குல இழுக்கும். ஆன்லைன்ல முடிச்சப்புறம் "ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா"ன்னு கேட்டா பயந்து போய் கடன் வாங்கவும் வேண்டாம், மறுவிசிட்டை கட்டாயமாக்கவோ அதை வெச்சு ரேங்க் போடறோம்னு காட்டிக்கவோ மேட்ச், அதாவது டாக்டர்ஸும் ப்ரோக்ராம்களும் குடுக்கற விருப்ப லிஸ்டை வெச்சு ரெண்டு பேரையும் சேர்க்கற முறை, அதை நடத்தற என்ஆர்எம்பியோட விதி இடம் குடுக்கல. வேற எங்க அப்ளை பண்ணீங்க, எங்களை எத்தனாவதா போடுவீங்கன்னு கேக்கறதும் அப்படித்தான், கேட்டா பதறி வாக்கு குடுக்காதீங்க, உங்க ப்ரோக்ராம்ல எனக்கு பிடிச்சது இதுன்னு பேச்சை மாத்துங்க.

செலவு இல்லாததால வர்ற எல்லா இன்வைட்டையும் பிடிச்சு வெச்சுக்கறதும் நடக்குது, போகப்போறதில்லன்னு தெரிஞ்சா சீக்கிரமே கேன்சல் பண்ணுங்க, அந்த ஸ்லாட் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற இன்னொருத்தருக்குப் போகும், அவங்களுக்கு அது ஒண்ணே ஒண்ணா இருக்கலாம்.

ப்ரோக்ராம் பக்கமும் தப்பு உண்டு. ஒரே சீசன்ல சிலரை நேர்லயும் சிலரை ஜூம்லயும் பாத்து ஒரே லிஸ்ட்ல ரேங்க் பண்றது எனக்கு துளிகூட நியாயமா படல, காசு இருக்கறவங்கதான் நேர்ல வருவாங்க. நெட் தடங்கலையும் பின்னாடி தெரியற சுவரையும் பாத்து மார்க் போடறதும் அதே மாதிரிதான். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே மதிப்பெண் முறைன்னு வெச்சாதான் இது குறையும்.

இன்டர்வியூ முடிஞ்ச அன்னைக்கே நல்லது கெட்டதை எழுதி வைங்க, இல்லன்னா பிப்ரவரில எல்லா ப்ரோக்ராமும் ஒண்ணாவே தெரியும், நேர்ல பாத்த ஒண்ணு மட்டும் தேவைக்கு மேல பளிச்சுன்னு நிக்கும். லிஸ்ட் போடும்போது எங்க கிடைக்கும்னு கணக்கு போடாதீங்க, 1998லேர்ந்து ஓடற மேட்ச் அல்காரிதம் உங்க முதல் விருப்பத்துலேர்ந்துதான் இறங்கி வரும், கிடைக்காதுன்னு நினைக்கற இடத்தை மேல போட்டாலும் கீழ இருக்கறது உங்களுக்கு கெடாது. ஆனா போகவே பிடிக்காத இடத்தை லிஸ்ட்ல சேர்க்காதீங்க, மேட்ச் ஆயிடுச்சுன்னா அது ஒப்பந்தம், விலகணும்னா என்ஆர்எம்பி கிட்ட விலக்கு கேட்டு வாங்கணும்.