விம்முக்குள்ளயே ஜேக்யூவை ஓட விடலாம், ப்ளக்இன் எதுவும் வேணாம்

ஏபிஐல (ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணுகிட்ட டேட்டா கேக்கிற வழி) இருந்து வர்ற ஜேசன் (கீ, மதிப்புன்னு ஜோடி ஜோடியா டேட்டாவை எழுதுற டெக்ஸ்ட் வடிவம்) பாதி நேரம் ஒரே வரியில நீளமா வந்து நிக்கும். அதை காப்பி பண்ணி ஏதோ ஒரு ஆன்லைன் ஃபார்மேட்டர்ல போடாதீங்க ப்ளீஸ், உள்ள கஸ்டமர் போன் நம்பர், டோக்கன்னு என்ன வேணா இருக்கும். விம்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்லயே வேலையை முடிச்சிடலாம்.

ஜேக்யூங்கிறது டெர்மினல்ல ஓடுற ஒரு சின்ன ப்ரோக்ராம், 2012ல ஸ்டீஃபன் டோலன் வெளியிட்டது. ஒரு பக்கம் ஜேசனை வாங்கி, நம்ம கேள்விப்படி மாத்தி, இன்னொரு பக்கம் வெளிய விடும். விம்ல, திறந்திருக்கிற டெக்ஸ்ட்டை வெளி ப்ரோக்ராம்க்கு அனுப்பி, வர்றதை அதே இடத்துல வாங்கி வைக்கிற வசதி விம்முக்கு முன்னோடியான வீஐ எடிட்டர் காலத்துல இருந்தே இருக்கு. ரெண்டும் அப்படியே பொருந்திடுது, அதனாலதான் புதுசா கத்துக்கிறவங்க ப்ளக்இன் தேடிப் போக வேணாம்ங்கிறேன்.

லினக்ஸ்னா ஏப்ட்ல, மேக்னா ஹோம்ப்ரூல ஜேக்யூவை இன்ஸ்டால் பண்ணிக்கோங்க. கீழ கமாண்ட் பேரெல்லாம் தமிழ்ல எழுதியிருக்கேன், டைப் பண்றப்போ இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க (ஜேக்யூ - jq, மேப் - map, செலக்ட் - select, விநியூ - vnew, ஆர் - r, யூ - u). குறிகளும் தமிழ் கீயும் அப்படியே இருக்கட்டும்.

ஃபைலை விம்ல திறந்து எஸ்கேப் தட்டிட்டு இதை அடிங்க:

:%!ஜேக்யூ .

இதுல % னா மொத்த ஃபைல், ! னா வெளி ப்ரோக்ராம், கடைசி புள்ளி "உள்ள வந்ததை அப்படியே கொடு"ன்னு ஜேக்யூக்கு சொல்றது. என்டர் தட்டினதும் அழகா வரி பிரிஞ்சு வந்துடும். ஜேசன்ல ஏதாவது தப்பு இருந்தா உங்க டெக்ஸ்ட் போய் அந்த இடத்துல எரர் மெசேஜ் நிக்கும், பயப்படாதீங்க, யூ கீயைத் தட்டினா பழசு திரும்பிடும். பைத்தான்ல இருந்து வந்த ஜேசன்ல தமிழெல்லாம் பேக்ஸ்லாஷும் நம்பருமா கிடக்குமே, அதையும் ஜேக்யூ இதே ஓட்டத்துல படிக்கிற தமிழா மாத்திடும்.

ஒரே ஒரு லாக் வரியை மட்டும் பிரிக்கணும்னா % க்கு பதிலா புள்ளி போடுங்க, அவ்வளவுதான்.

இப்போ கேள்வி கேக்கலாம். கடை ஆர்டர் லிஸ்ட் ஒண்ணு இருக்கு, ஒவ்வொண்ணுலயும் "பெயர்", "பாக்கி"ன்னு கீ இருக்குன்னு வைங்க. பெயர் மட்டும் வேணும்னா:

:%!ஜேக்யூ '.[] | ."பெயர்"'

இதுல .[] னா லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொண்ணையும் எடுன்னு அர்த்தம். இங்கிலீஷ் கீயா இருந்தா புள்ளிக்கு அப்புறம் நேரா எழுதலாம், தமிழ் கீக்கு டபுள் கோட்ஸ் கட்டாயம், இல்லேன்னா சின்டாக்ஸ் எரர். அடுத்து, யூ தட்டி பழசைத் திரும்ப எடுத்துட்டு, பாக்கி இருக்கிறவங்களை மட்டும் எடுக்க:

:%!ஜேக்யூ 'மேப்(செலக்ட்(."பாக்கி" \!= 0))'

அந்த பேக்ஸ்லாஷை நல்லா பாருங்க. விம் இந்த வரியில பேக்ஸ்லாஷ் இல்லாம இன்னொரு ! பார்த்தா, இதுக்கு முன்னாடி ஓட்டின கமாண்டை அந்த இடத்துல நுழைச்சிடும், ஜேக்யூக்குப் போய் சேர்றது வேற ஏதோ. முன்னாடி எதுவும் ஓட்டலேன்னா அதுக்கும் ஒரு எரர் வரும். % குறியும் # குறியும் இதே மாதிரி ஃபைல் பேரா மாறிடும், அதுங்களுக்கும் பேக்ஸ்லாஷ் போட்டுடுங்க.

ஒரிஜினலைத் தொடாம ரிசல்ட்டை பக்கத்துல பாக்க, ஃபைலை சேவ் பண்ணிட்டு முதல்ல :விநியூ அடிச்சு காலி விண்டோ திறங்க, அப்புறம்:

:0ஆர் !ஜேக்யூ '.[0]' #

இதுல .[0] னா லிஸ்ட்ல முதல் ஆர்டர் மட்டும். இங்க # முந்தைய ஃபைல் பேரா மாறணும், அதனால பேக்ஸ்லாஷ் கூடாது. எனக்கு இந்த முறைதான் ரொம்பப் பிடிக்கும், இடப்பக்கம் கேள்விக்கான பதில், வலப்பக்கம் முழு டேட்டான்னு ரெண்டையும் ஒப்பிட்டுக்கிட்டே கேள்வியை சரி பண்ணிக்கலாம்.

பெரிய ஐடி நம்பர் இருக்கிற டேட்டான்னா சேவ் பண்றதுக்கு முன்னாடி ஜேக்யூ வெர்ஷனை பாத்துடுங்க. 1.6லயும் அதுக்கு முந்தினதுலயும் 9007199254740992க்கு மேல போற நம்பரோட கடைசி இலக்கம் சத்தமே இல்லாம மாறிடலாம், சும்மா வரி பிரிச்சாலே போதும். 2023ல வந்த 1.7ல இருந்து, நீங்க கணக்கு எதுவும் போடாத வரைக்கும் நம்பர் வந்தபடியே இருக்கும். உபுண்டு 22.04ல ஏப்ட் கொடுக்கிறது 1.6தான், அதுல இருக்கிறவங்க புதுசை தனியா டவுன்லோட் பண்ணிக்கோங்க.