ஹம்பியில் சூரிய அஸ்தமனம்: ஹேமகூடத்தில் எங்கே உட்கார வேண்டும்?

ஹம்பியில் அஸ்தமனம் பார்க்க மதங்க மலைக்குப் போகச் சொல்பவர்கள் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். ஏறிவிடலாம், இருட்டிய பிறகு அந்தச் செங்குத்துப் படிகளில் இறங்குவதுதான் ஆபத்து. விருபாட்சர் கோயிலுக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் ஹேமகூடம் போதும். சரிவான பாறை, கொஞ்ச நேரத்தில் ஏறிவிடலாம்.

1. நேரம்

டிசம்பர் நடுவில் சூரியன் ஆறு மணிவாக்கில் மறையும், ஜூனில் ஏழை நெருங்கும். ஒரு மணி நேரம் முன்பே மேலே இருங்கள்.

2. திசை

நான் ஏமாந்தது இங்கேதான். ஒரு படத்தில் சூரியன் கல் மண்டபம் ஒன்றுக்கு நேர் பின்னால் இறங்கியது. டிசம்பரில் போய் அதே மண்டபத்தைத் தேடிப் பிடித்துக் காத்திருந்தேன். சூரியனோ வெகு இடப்புறமாகப் போய்ப் பாறைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அந்தப் படம் மே மாதத்தில் எடுத்தது!

ஹம்பியில் டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே மறைகிறது. ஜூன் கடைசியில் அதே அளவு வடக்கே. நேர் மேற்கில் மறைவது மார்ச், செப்டம்பர் மாதங்களில் 20ஆம் தேதியை ஒட்டிய சில நாட்கள்தான்.

சரி, இடத்தை எப்படிக் கணிப்பது? போனில் திசைகாட்டியைத் திறந்து மேற்கைக் கண்டுபிடியுங்கள். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. டிசம்பர் என்றால் மேற்கிலிருந்து இடப்பக்கமாக இரண்டரை முஷ்டி தள்ளிப் பாருங்கள். சூரியன் அங்கேதான் இறங்கும். இதற்கென்று செயலிகள் இருக்கின்றன. எனக்கு முஷ்டிக் கணக்குதான் பிடித்திருக்கிறது, சார்ஜ் தீராது.

3. இடம்

படிப்படியாகக் குறுகும் கல் கூரையோடு நிற்கும் சிறு கோயில்களில் சில, 1336இல் விஜயநகரம் எழுவதற்கும் முந்தையவை. கணித்த திசையில் அப்படியொரு கோயில் வரும்படி, அதிலிருந்து தள்ளி உட்காருங்கள். கூரைமேல் தயவுசெய்து ஏறாதீர்கள். மறைவதற்கு அரை மணி முன்பு ஒருமுறை திரும்பி விருபாட்சர் கோபுரத்தைப் பாருங்கள். மாலை வெயில் முழுக்க அதன்மேல்தான் விழும்.

4. இறக்கம்

மறைந்த பிறகும் இருபது நிமிடம்போல வெளிச்சம் இருக்கும். போன் விளக்கைவிட நெற்றியில் கட்டும் விளக்கு மேல். பாறையில் இரண்டு கையும் வேண்டும்.

பிற்சேர்க்கை: முட்டிவலி உள்ள அம்மாவை எங்கே கூட்டிப்போவது என்று ஒருவர் கேட்டிருந்தார். மால்யவந்த மலைக்குப் போங்கள். ரகுநாதர் கோயில் வரை வண்டி போகும். கோயிலுக்குப் பின்புறப் பாறையிலிருந்து மேற்கு நன்றாகத் தெரியும். அங்கே பூசை நடக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.